பிள்ளைகளின் செல்லப்பிராணி: ஜேர்பில் வளர்ப்போர் அறியவேண்டியவை

ரொறன்ரோவிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வாழும் எம்மவர் இல்லங்களில், பிள்ளைகள் பெற்றோரிடம் முன்வைக்கும் கோரிக்கைகளுள் ஒன்று, தமக்கும் ஒரு செல்லப்பிராணி வேண்டும் என்பதாகும். நாயைக் காலையும் மாலையும் வெளியே அழைத்துச் செல்ல இரட்டை வேலை பார்க்கும் பெற்றோருக்கு நேரமில்லை. பூனையின் உரோமம் சிலருக்கு ஒவ்வாது. இந்நிலையில், கடையின் கண்ணாடித் தொட்டியினுள் பின்னங்கால்களில் எழுந்து நின்று, முன்கைகளை மார்போடு சேர்த்துக்கொண்டு, பெரிய கருவிழிகளால் எம்மை நோக்கும் ஒரு சிறு பிராணியே பல வீடுகளுக்கு வந்து சேர்கின்றது. அதுவே ஜேர்பில்.

"எலியையா காசு கொடுத்து வாங்கி வந்தீர்கள்?" என்று வீட்டிலுள்ள அம்மம்மாவோ அப்பப்பாவோ கேட்பதுண்டு. அவர்கள் கேட்பதில் தவறில்லை. இது கொறிவிலங்கு இனத்தைச் சேர்ந்ததே. இதன் உறவினமான இந்திய ஜேர்பில், இலங்கையின் வறண்ட பிரதேசங்களிலும் தமிழ்நாட்டிலும் வளை தோண்டி வாழ்ந்து வருவதாகும். ஆயினும் இங்கு கடைகளில் விற்கப்படுவது மொங்கோலிய ஜேர்பில் எனப்படும் வேறோர் இனம்.

இப்பிராணியை வாங்குவது எளிது. விலையும் அதிகமில்லை. அதனாலேயே, வாங்குமுன் அறிந்திருக்க வேண்டியவற்றை அறியாமலே பலர் வாங்கிவிடுகின்றனர். சில மாதங்களில் ஒரு கூடு நிறையக் குட்டிகள். அல்லது ஒரு காலையில் இரத்தக் காயங்களோடு கிடக்கும் ஓர் உடல். அல்லது தனிமையில் கண்ணாடியைச் சுரண்டிச் சுரண்டிக் காலங்கழிக்கும் ஒற்றைப் பிராணி. இம்மூன்று அவலங்களுக்கும் பெரும்பாலும் காரணம் ஒன்றே: ஆண் எது, பெண் எது, எதனை எதனோடு சேர்த்து வைக்கலாம் என்பதை அறியாமை. இவ்வாரம் அதனைச் சற்று விரிவாக நோக்குவோம்.

எங்கிருந்து வந்தது?

பிரெஞ்சுப் பாதிரியாரும் இயற்கையியலாளருமான அர்மொன் டேவிட் என்பவர் 1866 ஆம் ஆண்டு வட சீனாவில் இவ்விலங்கைக் கண்டு, பாரிஸ் நூதனசாலைக்கு அனுப்பி வைத்தார். மறு ஆண்டு அல்போன்ஸ் மில்ன் எட்வர்ட்ஸ் என்ற விலங்கியலாளர் இதற்கு விஞ்ஞானப் பெயர் சூட்டினார். 1935 இல் யப்பானியர் சிலவற்றைப் பிடித்துச் சென்று ஆய்வுகூடத்தில் பெருக்கினர். அவற்றின் வழிவந்த சில சோடிகள் 1954 இல் விக்ரர் ஷ்வென்ற்கர் என்பவரால் அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்டன. இன்று வட அமெரிக்க வீடுகளில் வளர்பவற்றுள் மிகப் பெரும்பாலானவை அச்சில சோடிகளின் வழித்தோன்றல்களே.

இவற்றின் தாயகம் மொங்கோலியாவும் அதனை அண்டிய சீனப் பகுதிகளுமான வறண்ட புல்வெளியாகும். கோடையில் கடும் வெப்பமும் மாரியில் உறைபனியும் நிலவும் அந்நிலத்தில், இவை ஆழமாகச் சுரங்கம் தோண்டி, உணவைச் சேமித்து, குடும்பமாக வாழ்கின்றன. நீர் அரிதான நாட்டில் தோன்றியமையால் மிகக் குறைவாகவே நீர் அருந்தும். சிறுநீரும் மிகச் சிறிதே. கூட்டில் நாற்றம் குறைவாக இருப்பதற்கு இதுவே காரணம். ஹம்ஸ்ரரைப் போலப் பகல் முழுவதும் உறங்குவதுமில்லை. பகலிலும் இரவிலும் சிறிது நேரம் ஓடி, சிறிது நேரம் உறங்கி, மாறி மாறிக் காலங்கழிக்கும். பாடசாலை விட்டு வரும் பிள்ளை அதனை விழித்த நிலையில் காண வாய்ப்புண்டு.

தனிமை ஆகாது

ஹம்ஸ்ரரைத் தனியே வைக்க வேண்டும். ஜேர்பிலைத் தனியே வைத்தல் ஆகாது. இவ்வேறுபாட்டை முதலில் மனதிற் கொள்ள வேண்டும். ஜேர்பில் குடும்ப விலங்கு. ஒன்றையொன்று நக்கித் துப்புரவு செய்வதும், ஒன்றன்மேல் ஒன்று குவிந்து உறங்குவதும், ஒன்று தோண்டிய சுரங்கத்தை மற்றது தொடர்வதும் அதன் வாழ்வாகும். சுவிற்சர்லாந்தில், கூடி வாழும் இயல்புள்ள வளர்ப்பு விலங்குகளுக்குத் தம் இனத்தோடு தகுந்த தொடர்பு இருத்தல் வேண்டுமென 2008 இல் நடைமுறைக்கு வந்த விலங்குப் பாதுகாப்பு விதிகள் கட்டாயப்படுத்துகின்றன. கனடாவில் அவ்வாறு விதி இல்லாவிடினும் விலங்கின் இயல்பு எல்லை கடந்தால் மாறிவிடுவதில்லை.

எனவே குறைந்தது இரண்டு வாங்க வேண்டும். எந்த இரண்டு என்பதே வினா. இனப்பெருக்கம் விரும்பாதவர்கள் ஒரே பாலைச் சேர்ந்த உடன்பிறப்புகள் இரண்டை, ஒரே ஈற்றிலிருந்து, ஒன்றாகவே வாங்குதல் நன்று. அவற்றுள்ளும் இரு ஆண் சகோதரர்களே நெடுங்காலம் அமைதியாக வாழ்வர் என்பது வளர்த்தோர் பலரின் அனுபவம். "ஆண் என்றால் சண்டைக்காரன், பெண் என்றால் சாது" என்று எண்ணுவோருக்கு இது வியப்பைத் தரலாம். ஜேர்பில் உலகில் எல்லையைக் காப்பதிலும், குடும்பத்தில் தன் இடத்தை விட்டுக்கொடாமையிலும் பெண் சிறிதும் சளைத்ததன்று. இரு பெண் சகோதரிகள் ஒத்து வாழ்வதுண்டு. ஆனால் மூன்று, நான்கு பெண்களை ஒரே கூட்டில் வைத்தால், அவை முதிர்ச்சியடைந்தபின் பெரும் பகை மூளும் அபாயம் மிக அதிகம்.

ஆண் எது, பெண் எது?

கடையில் "இரண்டும் பெண்" என்று கூறி விற்கப்பட்டவை, ஒரு திங்களில் குட்டிகளோடு காட்சியளிப்பது புதுமையன்று. இளம் பிராணிகளில் பால் வேறுபாட்டைக் கண்டறிவது பழக்கமில்லாதவர்க்குக் கடினம். ஆகவே விற்பவர் சொல்லை மட்டும் நம்பாது, வாங்குபவரும் பார்த்தறிதல் வேண்டும்.

பிராணியை உள்ளங்கையில் எடுத்து, வாலின் அடிப்பகுதியை மட்டும் மெதுவாகப் பற்றி, பின்பகுதியைச் சிறிது உயர்த்திப் பார்க்க வேண்டும். மலவாயில் ஒன்றும் சிறுநீர்த் துவாரம் ஒன்றும் காணப்படும். இரண்டுக்கும் இடைப்பட்ட தூரமே அடையாளம். வளர்ந்த பெண்ணில் இவை மிக அருகருகே, ஏறத்தாழ அரைச் சதமமீற்றர் இடைவெளியில் இருக்கும். ஆணில் அத்தூரம் ஏறத்தாழ இருமடங்கு. ஆணில் இரு துவாரங்களுக்கும் இடையே உரோமம் அடர்ந்திருக்கும். வயது வந்த ஆணின் வாலடியில் விதைப்பை புடைத்துத் தெளிவாகத் தெரியும். பொன்னிறங் கலந்த பழுப்பு நிறமுடையவற்றில் அவ்விடம் கருமை படிந்திருக்கும்.

ஒன்றை மட்டும் பார்த்து முடிவு செய்யாது, ஒரே வயதுள்ள பலவற்றை ஒப்பிட்டுப் பார்த்தால் வேறுபாடு விரைவில் விளங்கும். வீட்டிலேயே குட்டிகள் பிறந்திருப்பின் இன்னோர் எளிய வழியுண்டு. பிறந்து ஒரு வாரமளவில், உரோமம் மூடுவதற்கு முன்னர், பெண் குட்டிகளின் வயிற்றில் முலைக்காம்புகள் சிறு புள்ளிகளாகத் தெரியும். ஆண் குட்டிகளில் தெரியா.

வயிற்றின் நடுவே உரோமமற்ற, மஞ்சள் கலந்த செம்மண் நிறத் தழும்பு போன்ற ஒன்றைக் கண்டு, புண் என அஞ்சி மிருக வைத்தியரிடம் ஓடுவோர் உளர். அது புண்ணன்று, மணம் சுரக்கும் சுரப்பி. இரு பாலாரிடமும் உண்டு, ஆணில் பெரிது. வயிற்றை நிலத்தோடு அழுத்தித் தேய்த்து, "இது எம்முடைய இடம்" என அது எழுதும் பத்திரமே அம்மணம். ஆண்கள் இதனை அடிக்கடி செய்யும்.

எச்சரிக்கை ஒன்று: வாலின் நுனியையோ நடுப்பகுதியையோ பிடித்துத் தூக்குதல் ஒருபோதும் கூடாது. வாலின் தோல் உறைபோற் கழன்று வந்துவிடும். பகைவிலங்கிடமிருந்து தப்புவதற்கு இயற்கை அளித்த ஏற்பாடு அது. கழன்ற பகுதி உலர்ந்து விழும், மீண்டும் வளராது.

இரண்டு இருபதாகும் கணக்கு

ஓர் ஆணும் ஒரு பெண்ணும் சேர்ந்திருந்தால் யாது நிகழும்? ஏறத்தாழ மூன்று மாத வயதில் இவை இனப்பெருக்கத்துக்கு ஆயத்தமாகின்றன. பெண் வேட்கையுற்றிருக்கும் வேளையில், பெரும்பாலும் மாலைப் பொழுதில், ஆண் அதனைத் துரத்தித் துரத்திச் செல்வதையும், இடையிடையே பின்னங்கால்களால் நிலத்தில் மேளம் கொட்டுவதுபோல் தட்டுவதையும் காணலாம். அதே மேளம் அபாய அறிவிப்பாகவும் பயன்படும். ஒன்று கொட்டக் கேட்ட மற்றவை சுரங்கத்தினுள் ஓடி மறைவதைக் கண்டால், அது காதல் மேளமன்று, எச்சரிக்கை மேளமென அறியலாம்.

கருக்காலம் 24 முதல் 26 நாட்கள். ஓர் ஈற்றில் நான்கு முதல் ஆறு குட்டிகள் பிறப்பது வழக்கம். இங்கு முக்கியமான ஒன்று: குட்டிகளை ஈன்ற அதே நாளிலேயே தாய் மீண்டும் கருத்தரிக்க வல்லது. "குட்டி போட்ட பின் ஆணைப் பிரித்துவிடலாம்" என்று எண்ணுவோர் காலந்தாழ்த்தியவராவர். பாலூட்டிக் கொண்டிருக்கையில் தங்கும் கரு வளராது சிறிது காலம் காத்திருந்து, பின்னரே வளரும். ஆகையால் அடுத்த ஈற்றின் நாளைக் கணிப்பதும் கடினம். ஈற்றுக்கு ஐந்து எனக் கொண்டால், நான்கு ஈற்றுகளில் இரண்டு இருபத்திரண்டாகிவிடும். முதல் ஈற்றுக் குட்டிகளும் அதற்குள் பருவமடைந்துவிடும்.

அத்தனைக்கும் வீடு தேடுவது யார்? பூங்காவில் விட்டுவிடலாமென எண்ணுதல் கொடுமை. கனடாவின் குளிரில் சுரங்கமும் சேமிப்புமின்றி அவை சாகும். அன்றேல் பூனைக்கும் பருந்துக்கும் இரையாகும். ஆகையால் முன்கூட்டியே தீர்மானித்தல் வேண்டும். குட்டிகள் வேண்டாமெனில் ஆணையும் பெண்ணையும் ஒன்றாக வைக்கலாகாது. ஆணுக்கு விதை நீக்கும் சத்திரசிகிச்சையைச் செய்யக்கூடிய மிருக வைத்தியர்கள் உளர். எனினும் இத்தகைய சிறிய உடலுக்கு மயக்கமருந்து ஆபத்தில்லாததன்று. செலவும் பிராணியின் விலையைப் போற் பலமடங்கு.

எதிர்பாராது குட்டிகள் பிறந்துவிட்டால் பதற வேண்டியதில்லை. தந்தையை விரட்ட வேண்டியதுமில்லை. ஜேர்பில் ஆண், குட்டிகளை நக்கித் துப்புரவு செய்து, அவற்றோடு ஒட்டிக்கிடந்து சூடு கொடுத்து, கூட்டைச் செப்பனிடும் நல்ல தந்தை. குட்டிகள் உரோமமின்றி, கண்திறவாது பிறக்கும். மூன்றாம் வாரத்தில் கண் திறக்கும். ஐந்து, ஆறு வாரங்களில் ஆண்களையும் பெண்களையும் வேறு வேறு கூடுகளில் பிரித்துவைத்தல் வேண்டும்.

கருவறையின் அயலவர்

எமது ஒன்ராறியோ மாகாணத்திலேயே, ஹமில்ரன் நகரிலுள்ள மக்மாஸ்ரர் பல்கலைக்கழகத்தில், மேர்ரிஸ் கிளார்க், பெனற் கேலெவ் ஆகிய ஆய்வாளர்கள் நீண்ட காலம் ஜேர்பில்களை ஆராய்ந்தனர். கருப்பையில் குட்டிகள் வரிசையாக அமைந்திருக்கும். இரு ஆண் கருக்களுக்கு நடுவே வளரும் பெண் கரு, அயலிலுள்ள ஆண்களிடமிருந்து கசியும் ரெஸ்ரொஸ்ரரோன் என்னும் ஹோர்மோனுக்கு உட்படுகின்றது. அவ்வாறு பிறந்த பெண்கள் தாமதமாகப் பருவமடைவதையும், தாம் ஈனும் குட்டிகளில் ஆண்களை அதிகமாகப் பெறுவதையும் அவர்கள் கண்டனர். இரு பெண்களுக்கு நடுவே வளர்ந்த பெண்களோ பெண் குட்டிகளை அதிகம் ஈன்றன. இவ்வாய்வு 1993 இல் 'நேச்சர்' என்னும் விஞ்ஞான ஏட்டில் வெளிவந்தது. இரு பெண்களுக்கு நடுவே வளர்ந்த ஆண்கள், குட்டிகளைப் பராமரிப்பதில் கூடுதல் நேரம் செலவிடுவதும் அவர்களது ஆய்வுகளில் தெரியவந்தது.

இதில் எமக்குரிய செய்தி யாதெனின், "ஆண் இப்படித்தான், பெண் இப்படித்தான்" என இறுக்கமாக வகுத்தல் ஒரு சிறு கொறிவிலங்கிடத்துக்கூடப் பொருந்தாது என்பதாகும். பால் பொது இயல்பைக் காட்டும். தனியொரு விலங்கின் குணத்தை அதனோடு பழகியே அறிய முடியும்.

பகை மூளும்போது

விளையாட்டுச் சண்டையையும் உண்மைச் சண்டையையும் வேறுபடுத்தி அறிதல் இன்றியமையாதது. எழுந்து நின்று முன்கைகளால் தள்ளிக்கொள்வதும், ஒன்றையொன்று தாண்டிக் குதிப்பதும் இளம் பிராணிகளின் விளையாட்டு. ஆனால் ஒன்று மற்றதை விடாது துரத்துதல், ஒன்று தனித்து வேறிடத்தில் உறங்கத் தொடங்குதல், ஒன்றை உணவருகே வரவிடாது தடுத்தல் ஆகியன பிரிவின் முன்னறிகுறிகள். பந்துபோல் உருண்டு கடிபட்டால் கணமும் தாமதிக்கலாகாது. வெறுங்கையை நுழைக்காது, தடித்த கையுறை அணிந்து பிரிக்க வேண்டும். இரத்தம் சிந்திய பின்னர் அவற்றை மீண்டும் சேர்த்தல் பெரும்பாலும் பயனளிக்காது.

சோடியில் ஒன்று இறந்து மற்றது தனித்துவிட்டால், புதிதாக ஒன்றை வாங்கி நேரே கூட்டினுள் விடுவதே மிகக் கொடிய தவறு. வளர்ந்த ஜேர்பில் அந்நியரைப் பகைவராகவே நோக்கும், கொன்றும் விடும். அது குரூரமன்று, எல்லை காக்கும் இயல்பு. தொட்டியை நுண்ணிய உறுதியான கம்பிவலையால் இரண்டாகப் பிரித்து, ஒருபுறம் பழையதையும் மறுபுறம் புதியதையும் வைத்து, நாள்தோறும் பலமுறை இடம் மாற்றி மாற்றி விடவேண்டும். ஒன்றின் மணம் மற்றதன் மணமாகக் கலக்கும்வரை, ஒரு வாரமோ அதற்கு மேலோ, பொறுமை வேண்டும். அவை வலையின் இருபுறமும் அருகருகே அமைதியாக உறங்கத் தொடங்கிய பின்னரே, பக்கத்தில் இருந்து கண்காணித்தவாறு தடுப்பை அகற்றலாம். முதியதோடு மற்றொரு முதியதைச் சேர்ப்பதைவிட, இளங்குட்டியொன்றைச் சேர்ப்பது எளிது. அதுவும் ஒரே பாலினதாக இருத்தல் வேண்டும் என்பதை மீண்டும் கூற வேண்டியதில்லை.

இருப்பிடமும் உணவும்

கம்பிக் கூட்டைவிடக் கண்ணாடி மீன்தொட்டியே இதற்கு உகந்தது. இரண்டுக்கு 20 கலன் கொள்ளளவு வேண்டும். மேலே காற்றோட்டமுள்ள கம்பிவலை மூடி அவசியம். அடியில் குறைந்தது 20 சதமமீற்றர் ஆழத்துக்கு அஸ்பென் மரச்சீவலோ கடதாசித் துகளோ வைக்கோலுடன் கலந்து இடவேண்டும். சீடர், பைன் மரச்சீவல்களின் நெடி சுவாசத்துக்குத் தீங்கு. சுவிற்சர்லாந்தில் நடத்தப்பெற்று 1997 இல் வெளியான ஆய்வொன்று, ஓயாது மூலையைச் சுரண்டும் பழக்கம் தோண்ட மண் இல்லாமையால் அன்று, ஒதுங்கிக்கொள்ளச் சுரங்க வழியுடன் கூடிய வளை இல்லாமையாலேயே குட்டிகளிடம் தோன்றுகின்றது எனக் காட்டியது. சுரங்கம் சரிந்துவிடாதபடி ஆழமாக நிரப்புவதன் அவசியம் இதனால் விளங்கும்.

கடதாசிச் சுருள்களின் மட்டைக் குழல்களை எறியாது கூட்டினுள் இடுங்கள். அரைமணியில் துகளாக்கிப் படுக்கை அமைத்துக்கொள்ளும். பிளாஸ்ரிக் பொருட்களைக் கடித்து விழுங்குமாதலால் அவற்றைத் தவிர்க்கவும். உரோமத்தின் எண்ணெய்ப்பசை நீங்க, தூசற்ற மணலை ஒரு கிண்ணத்தில் வைத்தால் அதில் புரண்டு குளிக்கும். நீரில் குளிப்பாட்டலாகாது. தானியங்களும் கொறிவிலங்குகளுக்கெனத் தயாரித்த உணவும் முதன்மையாகவும், சிறிது மரக்கறி துணையாகவும் அமையட்டும். சூரியகாந்தி விதையை மிக விரும்பி உண்ணும். கொழுப்பு மிகுந்ததாகையால் கையிலிருந்து ஒன்றிரண்டு கொடுத்துப் பழக்குவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

புதிய இடத்திலோ திடீர் ஓசையிலோ சில ஜேர்பில்களுக்கு வலிப்பு வருவதுண்டு. இவ்வினத்தில் இது பரம்பரையாகக் காணப்படுவது. தொடாது அமைதியாக விட்டால் சில நிமிடங்களில் தெளியும். முதிர்ந்த பெண்களுக்குக் கருப்பையருகே நீர்க்கட்டியும், முதிர்ந்த ஆண்களுக்கு மணச்சுரப்பியில் கட்டியும் தோன்றுவதுண்டு. வாரமொருமுறை வயிற்றைப் பார்த்தால் முன்னரே அறியலாம். தொட்டபின் பிள்ளைகள் கை கழுவுதல் வேண்டும். கருவுற்ற தாய்மார் கூட்டைத் துப்புரவு செய்யும் பணியைப் பிறரிடம் விடுதல் நன்று.

சட்டம் பற்றியும் ஒரு சொல். ஒன்ராறியோவில் வாடகை ஒப்பந்தத்தில் "செல்லப்பிராணி கூடாது" என எழுதப்படும் நிபந்தனை, 2006 ஆம் ஆண்டின் வாடகைக் குடியிருப்புச் சட்டத்தின் 14 ஆம் பிரிவின்படி செல்லாது. ஆனால் கொண்டோமினிய நிர்வாகங்களுக்குத் தனி விதிகள் உண்டு; விசாரித்தறிக. கலிபோர்ணியா, ஹவாய் மாநிலங்களிலும் அவுஸ்திரேலியாவிலும் ஜேர்பில் வளர்ப்பது தடைசெய்யப்பட்டுள்ளது. தப்பிச் சென்று காட்டில் பெருகினால் பயிருக்கும் பிற உயிர்களுக்கும் கேடு என்ற அச்சமே காரணம். அங்குள்ள உறவினர் பிள்ளைகளுக்குப் பரிசாகக் கொண்டுசெல்ல எண்ணற்க.

பிள்ளைகளுக்கு என்ன சொல்வது?

ஜேர்பில் வந்த வீட்டில் மூன்று கேள்விகள் எழுந்தே தீரும். இது ஆணா, பெண்ணா? குட்டி எப்படி வந்தது? ஏன் செத்துப்போனது? எம்மவருட் பலர் இவற்றுக்கு விடை கூறக் கூசி, "போய்ப் படி" என்று பிள்ளையை அனுப்பிவிடுகின்றனர். பாடசாலையில் இவை பற்றிப் படித்துவரும் பிள்ளை, இத்தகைய விடயங்களைத் தமிழில், தாய் தந்தையரோடு பேசலாகாது என்ற முடிவுக்கு அன்றே வந்துவிடுகின்றது. பின்னர் பதின்ம வயதில் அப்பிள்ளை எதையும் எம்மோடு பேசுவதில்லை என்று வருந்திப் பயனில்லை. ஒரு சிறு விலங்கின் உடலைக் காட்டி, கூச்சமின்றி, சரியான சொற்களால் விளக்க இது அரியதொரு வாய்ப்பு.

ஜேர்பிலின் ஆயுள் மூன்று, நான்கு ஆண்டுகளே. எட்டு வயதில் அதனைப் பெற்ற பிள்ளை பன்னிரண்டு வயதுக்குள் அதன் மரணத்தைக் காணும். பிள்ளை அறியாமல் அதே நிறத்தில் வேறொன்றை வாங்கி வைத்து ஏமாற்றுதல் வேண்டாம். இறந்ததைச் சொல்லுங்கள். அழ விடுங்கள். பின்னர், எஞ்சியிருக்கும் மற்றது தனித்துவிட்டதை நினைவூட்டுங்கள். அதன் அருகில் இருந்து, அதற்கு உணவூட்டி, ஏற்ற துணையைப் பொறுமையோடு சேர்த்துவைக்கும் பொறுப்பு இப்போது அப்பிள்ளையுடையது. துயரத்தின் நடுவிலும் இன்னோர் உயிரைக் கவனித்தாக வேண்டும் என்பதை எம் தலைமுறை வேறு விதமாகக் கற்றது. எம் பிள்ளைகள் அதனை ஒரு கண்ணாடித் தொட்டியின் அருகே அமர்ந்து கற்றுக்கொள்ளட்டும்.